டெலோஸுக்கு ஒரு நாள்: எந்தப் பக்கமிருந்து நடக்கத் தொடங்குவது?

கிரேக்கத்தின் மைக்கோனோஸ் தீவுக்குப் போகிறவர்கள் ஒரு முழு நாளை டெலோஸுக்கு ஒதுக்குங்கள், அரை நாள் போதாது. அரை மணி நேரப் படகுப் பயணம்தான். அப்போலோ, ஆர்ட்டெமிஸ் என்ற இரட்டைத் தெய்வங்கள் பிறந்த இடம் என்று கிரேக்கர்கள் கொண்டாடிய அந்தத் தீவில் இன்று காவலர்களையும் தொல்லியல் துறை ஆட்களையும் தவிர யாரும் இல்லை. பயணிகள் இரவு தங்க அனுமதியும் கிடையாது.

மைக்கோனோஸின் பழைய துறைமுகத்திலிருந்து படகு கிளம்பும். படகுக்கு ஒரு டிக்கெட், உள்ளே நுழைய இன்னொன்று. காலையில் முதல் படகைப் பிடியுங்கள், திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்தேமி என்கிற வடகாற்று வலுத்துவிட்டால் படகே ஓடாது, அதனால் இந்தப் பயணத்தை ஊர் திரும்பும் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். தீவில் நிழல் கிட்டத்தட்ட இல்லை. நிறைய தண்ணீர், தொப்பி, சாப்பிட ஏதாவது, கல்லில் வழுக்காத செருப்போ ஷூவோ கட்டாயம் வேண்டும்.

சரி, இறங்கியாயிற்று. இடப்பக்கம் கோயில்கள், வலப்பக்கம் வீடுகள். நான் சொல்வது வலப்பக்கம். வெயில் ஏறுவதற்குள் வீடுகளுக்கு நடுவே போகும் தெரு வழியாக நடந்து கிந்தோஸ் குன்றின் உச்சிக்குப் போய்விடுங்கள். நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் உயரம்தான், ஆனால் மதியத்தில் ஏறினால் ஆளை வாட்டிவிடும். மேலிருந்து மேற்கே பார்த்தால் ரெனேயா தீவு தெரியும். கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் டெலோஸின் கல்லறைகளையெல்லாம் தோண்டி அங்கே மாற்றினார்கள். புனிதத் தீவில் இனி யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று விதித்தார்கள்.

இறங்கி வரும்போது வீடுகளில் அவசரமே படாதீர்கள், என்னைக் கேட்டால் டெலோஸின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கி.மு. 167-166 வாக்கில் ரோமானியர்கள் இதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக ஆக்கியதும் இத்தாலி, சிரியா, எகிப்து என்று எங்கெங்கிருந்தோ வணிகர்கள் வந்து குடியேறினார்கள். தூண்கள் சூழ்ந்த முற்றம், அதற்கு அடியில் மழைநீர்த் தொட்டி, தரையில் மொசைக் ஓவியம். சிறுத்தை மேல் அமர்ந்திருக்கும் மதுக் கடவுள் டயோனைசஸை முகமூடிகளின் வீட்டில் தேடிப் பாருங்கள். கிளியோபாட்ரா வீட்டில் தலையில்லாத இரண்டு சிலைகள் நிற்கும். இவர் எகிப்து ராணி இல்லை, ஏதென்ஸைச் சேர்ந்த ஒரு பெண். அப்போலோ கோயிலுக்கு வெள்ளி முக்காலிகள் கொடுத்த கணவருக்காக அவர் வைத்த சிலை என்று கல்வெட்டு சொல்கிறது. இத்தனை செல்வத்துக்குப் பின்னால் அடிமை வியாபாரமும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்: ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை வாங்கி அனுப்பக்கூடிய சந்தை இது என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். கி.மு. 88-இல் ரோமை எதிர்த்த பொன்டஸ் மன்னர் மித்ரிடேட்டஸின் படையும், 69-இல் கடற்கொள்ளையரும் தாக்கிய பிறகு நகரம் எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம் கோயில்கள் பக்கம் போகலாம். அங்கே அஸ்திவாரங்கள்தான் அதிகம், ஒரு வரைபடம் கையில் இல்லாவிட்டால் எது எதென்று புரியாது. பக்கத்துத் தீவான நாக்ஸோஸ்காரர்கள் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்த பளிங்குச் சிங்கங்களின் நகல்களைத்தான் வெளியே பார்ப்பீர்கள், அசல் சிங்கங்களை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். எதிரே ஒரு தனிப் பனைமரத்தோடு இருக்கும் பள்ளம்தான் புனித ஏரி. மலேரியா பயத்தால் 1920களில் தண்ணீரை வடித்துவிட்டார்கள்.

மொசைக் மேல் கால் வைக்காதீர்கள், சின்ன ஓட்டுத் துண்டைக்கூட எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். படகு கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போதே துறையைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடுங்கள்.