லியூக்கேமியாக் கலங்களில் அன்ரிஜன் அளவிடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லியூக்கேமியா (இரத்தப் புற்றுநோய்) கலங்களின் மேற்பரப்பில் உள்ள அன்ரிஜன்களை அளக்க, ஒளிர்சாயம் இணைத்த பிறபொருளெதிரிகளை அவற்றில் ஒட்டவிட்டு, பாய்வுக் கலமானி (flow cytometer) என்ற கருவியில் ஒளிர்வைப் படிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பயிற்சிக்கு வந்த இருவர் போன கிழமை அடுத்தடுத்து ஒரே தவறைச் செய்தார்கள். தொடக்க காலத்தில் நானும் செய்த தவறு அது. குழாயில் பெயர் ஒட்ட மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை நாள்போக்கில் தாமே திருந்திவிடும்.

எண்ணிக்கை பாராமல் சாயமிடுவது

அந்த இருவரும் செய்தது இதைத்தான், இன்றும் எனக்கு எரிச்சல் தருவதும் இதுதான். 100 மைக்ரோலீற்றர் இரத்தம், அதற்குத் தாளில் போட்டிருக்கும் அளவு பிறபொருளெதிரி என்று கை பழகிவிடுகிறது. அந்த அளவு பெரும்பாலும் 10 இலட்சம் கலங்களுக்கானது. நாட்பட்ட லிம்போசைற்றிக் லியூக்கேமியா நோயாளிக்கு ஒரு மைக்ரோலீற்றரில் 2 இலட்சம் வெண்குருதிக் கலங்கள் இருந்தால், குழாயில் விழுவது 2 கோடி கலங்கள். பத்துப் பேருக்கு வடித்த சோற்றை இருநூறு பேர் பந்தியில் பரிமாறினால் யாருக்கு வயிறு நிறையும்?

அப்போது கலத்தின் மேலுள்ள சீடி20 என்ற அன்ரிஜன் மங்கலாகத் தெரியும். இந்த நோயில் சீடி20 மங்கலாக இருப்பது இயல்பு என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. "நோய் அப்படித்தானே, அண்ணா" என்றார் பயிற்சிக்கு வந்தவர். நானும் அப்படித்தான் நம்பி ஓர் அறிக்கையை மேலே அனுப்பினேன். மூத்தவர் திரையில் ஒரு மூலையைத் தொட்டு, "தம்பி, இந்த ரீ கலங்களில் சீடி5 ஏன் இறங்கிக் கிடக்கிறது?" என்று கேட்டார். ரீ கலங்கள் இந்த நோய் தொடாத வேறு வகை வெண்குருதிக் கலங்கள்; அவற்றில் சீடி5 என்ற அன்ரிஜன் பளிச்சென்று ஒளிர வேண்டும். அதுவும் மங்கியிருந்தால் பிறபொருளெதிரி போதவில்லை. மீதி இரத்தத்தைப் பொஸ்பேற் தாங்கற்கரைசலில் இருபது மடங்கு ஐதாக்கி மறுபடி சாயமிட்டோம். அதே இரத்தந்தான், சீடி20 முகடு வலப்பக்கம், அதாவது ஒளிர்வு கூடிய பக்கம், நகர்ந்து நின்றது.

முதலில் வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள், பிறகு ஐதாக்குங்கள். பிறபொருளெதிரியைப் படிப்படியாகக் கூட்டி, ஒளிர்வு மேலும் ஏறாத அளவை நீங்களே கண்டு குறித்து வையுங்கள்.

மணிகளை ஓட்டிய பின் வோல்ற்றேஜைத் தொடுவது

மணிகள் என்பன கருவியின் ஒளிர்வுக்கு அளவுகோலாக ஓட்டும் நுண்ணிய துகள்கள். வோல்ற்றேஜ் மாறினால் அந்த அளவுகோலே மாறிவிடும். தொடாதீர்கள். தொட்டுவிட்டால் மணிகளை மறுபடி ஓட்டுங்கள்.

ஒளிர்வையே எண்ணிக்கையாக எழுதுவது

ஒளிர்வின் இடையம் உங்கள் கருவிக்கு மட்டும் உரிய எண். ஒரு கலத்தில் எத்தனை பிறபொருளெதிரிகள் ஒட்டியுள்ளன என்று சொல்ல, பைக்கோஎரித்ரின் என்ற ஒளிர்சாயத்தின் மூலக்கூறுகள் எத்தனை என்று தெரிந்த மணிகளை ஓட்டி, மடக்கை அளவில் நேர்கோடு வரைந்து, அதிலிருந்து படிக்க வேண்டும். ஒரு பிறபொருளெதிரிக்கு ஒரு பைக்கோஎரித்ரின் என்று இணைத்த சாயமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும்.

இறந்த கலங்கள்

மன்னாரிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ சித்திரை வெயிலில் பஸ்ஸில் வந்த குழாயில் இறந்த கலங்கள் நிறைய இருக்கும். அவை கண்ட பிறபொருளெதிரியையும் ஒட்டிக்கொள்ளும். இறந்த கலங்களுக்குள் புகும் சாயமான 7-ஏஏடி சேர்த்து அவற்றை விலக்குங்கள். வெயிலுக்குப் பயந்து குழாயை ஐஸ் கட்டியோடு ஒட்டி அனுப்புவதும் கேடுதான்.

ரிற்றுக்சிமாப் ஏற்றியவரா?

சீடி20 அளக்க முன் கேளுங்கள். உங்கள் பிறபொருளெதிரி ஒட்ட வேண்டிய இடத்தில் அந்த மருந்து ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.