வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் அமைக்கும் முறை

தூத்துக்குடி வட்டாரத்தில் எங்கள் சிறுவயதில், இயேசு தொழுவத்தில் பிறந்த காட்சியைப் பொம்மைகளால் காட்டும் குடில் வேலை டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே, கேழ்வரகை இரவு முழுவதும் ஊறவைத்து, மண் பரப்பிய பழைய தட்டுகளில் நெருக்கமாகத் தூவுவதோடு தொடங்கிவிடும். தண்ணீரைக் கையால் தெளித்து வந்தால் பண்டிகைக்குள் பசும்புல்வெளி தயாராகிவிடும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் புல் இதற்கு ஈடாகாது.

சுவர் மூலையில் ஒரு மேசையைப் போட்டு, சிமெண்டுப் பையின் உள்தாளை நன்றாகக் கசக்கி, மைதாப் பசையில் காவியும் கரித்தூளும் கலந்து பூசி, அது காய்வதற்குள் மலைபோல மடித்து நிறுத்த வேண்டும். அதன் அடியில் பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்த கொட்டகையை வைத்து, தரையெங்கும் மணல் பரப்பலாம். பஞ்சைப் பனியாகத் தூவுவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பாட்டி தேரி எனப்படும் மணல்மேட்டின் செம்மணலைத்தான் சலித்துக் கொட்டுவார், கால் உடைந்த ஒட்டகம்கூட அதில் புதைந்து நேராக நிற்கும்.

1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோல் நிரப்பிய தீவனத்தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டு இக்காட்சியை அமைத்தார் என்பதால், முதலில் அவற்றை வைத்துவிட்டு, பிறகு மாதாவுக்கும் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பருக்கும் இடம் பார்ப்பதே பொருத்தமானது. வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கிய சுரூபங்கள் (சிலைகள்) ஒரே அளவில் இருக்கமாட்டா. சூசையப்பரைவிட உயரமான இடையரை முன்னாலும், சிறிய ஆடுகளை மலைச்சரிவிலும் நிறுத்தினால், அந்த வேறுபாடே தொலைவைக் காட்டிவிடும்.

குழந்தை இயேசுவின் சுரூபத்தை மட்டும் முன்கூட்டியே வைக்கக் கூடாது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த பிறகு வீட்டின் கடைக்குட்டிதான் அதைத் தொட்டியில் கிடத்த வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த உரிமை தம்பி பிறந்ததும் என்னைவிட்டுப் போனதில் எனக்கு நெடுநாள் வருத்தம் இருந்தது. மூன்று ஞானிகளை மேசையின் மறுகோடியில் நிறுத்தி, நாளுக்குச் சிறிது நகர்த்தி, திருக்காட்சித் திருநாளான ஜனவரி 6 அன்று கொட்டகை வாசலில் சேர்க்கலாம்.

வைக்கோலும் ஓலையும் இருக்குமிடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது, சிறிய சீரியல் விளக்கு போதும். பிரித்தெடுக்கும்போது சுரூபங்களைச் செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும் என்பதால், பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும்.