கண்ணை மூடினால் தூக்கம்தான் வருகிறதா? தலை தெளியத் தியானம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதியம் மூன்று மணி. திரையில் ஒரே வரியை நாலாவது தடவை படிக்கிறோம், ஒரு வார்த்தைகூட உள்ளே இறங்கவில்லை. "பத்து நிமிஷம் தியானம் பண்ணினால் சரியாகிவிடும்" என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுகிறோம். அலாரம் அடிக்கும்போது தலை தோளில் சரிந்திருக்கிறது, வாயோரம் ஈரம். எழுந்தால் தலை முன்பைவிடக் கனக்கிறது.

ஏறக்குறைய ஒரு வருடம் நான் இப்படித்தான் தியானம் செய்தேன். எனக்கு இது ஒத்துவராது என்றே முடிவுகட்டிவிட்டேன். பிரெயின் ஃபாக் என்று எல்லோரும் சொல்லும் அந்த மூட்டத்தில் இரண்டு வகை உண்டு என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒன்று சிதறல்: வங்கித் தவணை, பிள்ளையின் பரீட்சை, காலையில் யாரோ சொன்ன சுடுசொல் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதால் எதிலும் மனம் நிற்பதில்லை. இன்னொன்று மந்தம்: உள்ளே எதுவுமே ஓடவில்லை, ஈரத்துணி போர்த்தியது போல் கிடக்கிறது. கண்ணை மூடு, உடம்பைத் தளர்த்து, அமைதியாகு என்பதெல்லாம் சிதறலுக்குச் சொன்ன வைத்தியம். மந்தமாக இருப்பவர் அதைச் செய்தால் தாலாட்டுப் பாடியது போலத்தான்.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உட்கார்ந்த முதல் ஒரு நிமிடத்தைக் கவனியுங்கள். எண்ணங்கள் முண்டியடித்தால் சிதறல். இமை கனத்து, மூச்சை எண்ணத் தொடங்கி நாலுக்கு அப்புறம் எண்ணிக்கை காணாமல் போனால் மந்தம்.

மந்தத்துக்குப் பழைய ஆட்களே வழி சொல்லியிருக்கிறார்கள். புத்தரின் சீடர் மொக்கல்லானர் மகத நாட்டில் தியானத்தில் உட்கார்ந்து தூங்கி வழிந்தார். புத்தர் அவருக்குச் சொன்னதாகப் பாலி நூல்களில் உள்ள யோசனைகள் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது போலவே இருக்கும்: படித்ததை மனதில் ஓட்டிப் பார், வாய்விட்டு ஓது, இரண்டு காதையும் பிடித்து இழு, கை கால்களைத் தேய், எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவி நாலு திசையும் பார், வெளிச்சத்தை நினை, முன்னும் பின்னும் நட. இவ்வளவுக்கும் போகவில்லையென்றால் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிடு. அந்தக் கடைசி யோசனையை நாம் யாரும் மதிப்பதில்லை. ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு, பாக்கியைத் தியானத்தில் அடைக்கப் பார்க்கிறோம். தூக்கம் வந்தால் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துத் தூங்குங்கள். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுந்து, இன்னொரு அரைமணி நேரம் பேய் அறைந்தது போல் உட்கார்ந்திருக்க நேரும்.

தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல், இதமாக மரத்துப்போன ஒரு நிலை உண்டு. "ஆஹா, எண்ணமே இல்லை" என்று ஏமாறுவது இங்கேதான். ரமணர் இதை மனோலயம், அதாவது மனம் அப்போதைக்கு ஒடுங்கிக் கிடப்பது, என்பார். கூடவே ஒரு கதையும் சொல்வார். கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவன் கொண்டு வருவதற்குள் நிஷ்டையில் ஆழ்ந்துவிட்டார். விழித்தது எத்தனையோ வருடம் கழித்து. வாயிலிருந்து வந்த முதல் சொல் "தண்ணீர்". ஒடுங்கிய மனம் விட்ட இடத்திலிருந்தே திரும்பக் கிளம்பியது. நம் பத்து நிமிடத்துக்கும் இதே அளவுகோல்தான். எழுந்த பிறகு அந்த நாலாவது தடவை படித்த வரி புரிகிறதா? புரியவில்லை என்றால் நாம் இருந்தது மனோலயத்தில்.

மொபைலில் கிடைக்கும் வழிகாட்டு ஆடியோக்களிலும் கவனம் தேவை. மழைச் சத்தம், புல்லாங்குழல், குழைந்த குரல்! பலவும் தூங்க வைப்பதற்கென்றே செய்தவை. ராத்திரிக்கு நல்லது, அலுவலக இடைவேளைக்கு ஆகாது.

எதிர்த்திசையில் ஓடுபவர்களும் உண்டு. தலை தெளிய வேண்டுமென்று இணையத்தில் பார்த்த வேகமூச்சுப் பயிற்சியை நிறுத்தாமல் செய்வார்கள். உதடும் விரல்நுனியும் குறுகுறுக்கும், தலை லேசாகச் சுற்றும். "சக்தி ஏறுகிறது" என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் மூச்சை வேகவேகமாக விடும்போது ரத்தத்தில் கரியமிலவாயு அளவுக்கு மீறிக் குறைகிறது. அதனால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, அங்கே போகும் ரத்தமும் குறைகிறது. கபாலபாதி போன்றவற்றைத் தெரிந்தவரிடம் நேரில் கற்க வேண்டும். ரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக இறங்கவே கூடாது.

சிதறல் வகையில் தவறு ஒன்றே ஒன்றுதான்: எண்ணமே வரக்கூடாது என்று மல்லுக்கட்டுவது. 2010இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இருவர் 2,250 பேரிடம் ஐபோன் செயலி வழியாக, அந்தந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான். அலைந்துவிட்டது என்று தெரிந்த அந்த நொடியில் மூச்சுக்குத் திரும்புகிறோமே, அந்தத் திரும்புதலே பயிற்சி. பத்து நிமிடத்தில் முப்பது தடவை திரும்பினால் முப்பது தடவை பயிற்சி நடந்திருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சரி, முடிந்ததும் உடனே வாட்ஸாப்பைத் திறக்காதீர்கள். இரண்டு நிமிடமாவது பொறுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். காதை இழுத்தும் நடந்தும் எனக்கு மந்தம் முழுசாகப் போகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, சீப்பில் கொத்தாக முடி வந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. "தியானம் நல்லதுதாம்மா, முதல்ல இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுங்க" என்றார் மருத்துவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் தனி ஆள் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்திய அளவில் 57 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்டோருக்கும் ரத்தசோகை. தைராய்டு குறைவும் பி12 குறைவும் இதே மூட்டத்தைத் தரும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். சளிக்குப் போடும் சில மாத்திரைகளும் மறுநாள் வரை மந்தப்படுத்தும். யோகசூத்திரம் எழுதிய பதஞ்சலி யோகத்துக்குத் தடைகள் ஒன்பதை அடுக்கும்போது முதலில் வைத்தது நோய், இரண்டாவதுதான் மனமந்தம். அந்த வரிசையை நான் தலைகீழாகப் பிடித்திருந்தேன். வாரக்கணக்கில் மூட்டம் விலகவில்லை என்றாலோ, தியானத்தில் உட்கார்ந்தாலே பயமும் படபடப்பும் ஏறுகிறது என்றாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இப்போதும் மூன்று மணிக்கு எனக்குத் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது. முகம் கழுவிவிட்டு மொட்டைமாடிக்குப் போவேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொடிக்கம்பி வரை ஆறு நடை. அப்புறம் முதுகு சாயாத ஸ்டூலில், வேப்பமரத்தைப் பார்த்தபடி, கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம். மூச்சைப் பத்து வரை எண்ணுவேன், மறுபடி ஒன்றிலிருந்து. எண்ணிக்கை நாலில் தொலைந்தால் எழுந்து இன்னும் இரண்டு நடை.