புத்தர் வெண்கலத்தில் கதை படிப்பது எப்படி?

கல்லில் கதை சொல்ல இடம் தாராளம். காட்சிக்குக் காட்சி பலகையாகச் செதுக்கிக்கொண்டே போகலாம். ஒரு சாண் உயர வெண்கலத்தில் அது நடக்காது. அதனால் பால வம்ச அரசர்கள் காலத்து (8–12ஆம் நூற்றாண்டு) பீகார் வார்ப்புக் கலைஞர்கள் ஒரு முழு நிகழ்ச்சியைக் கையிலும் பீடத்திலும் அடக்கிவிட்டார்கள். பழகிப் பார்க்க, கயைக்கு அருகே குர்கிஹாரில் 1930இல் கிடைத்த புதையல் நல்ல தொடக்கம். இருநூறுக்கு மேற்பட்ட படிமங்கள். பெரும்பகுதி பாட்னா அருங்காட்சியகத்துக்குப் போனவை.

படி 1: முகத்தில் மயங்காமல் நேரே கைக்கு வாருங்கள். பத்மாசனத்தில் அமர்ந்து, வலக்கை முழங்காலுக்கு மேலாக இறங்கி விரல் நுனி தரையைத் தொடுகிறதா? இடம் புத்தர் ஞானம் பெற்ற புத்த கயை. “இந்த ஆசனம் உனக்கு உரியது என்பதற்கு யார் சாட்சி?” என்று, ஞானம் பெறவிடாமல் தடுக்க வந்த மாரன் கேட்க, புத்தர் பூமியைச் சாட்சிக்கு அழைக்கிறார். மாரனின் படை, அவன் மகள்கள், பூமாதேவி எல்லாரையும் கல்லில் காட்டுவார்கள். இங்கே பெரும்பாலும் அந்த விரல்கள் மட்டுமே. எனக்கு இந்தச் சிக்கனம்தான் பிடிக்கும்.

படி 2: பீடத்தைப் பாருங்கள். நடுவில் சக்கரம், இருபுறமும் மான் என்றால் சாரநாத்தில் முதல் உபதேசம். வஜ்ராயுதம் கிடந்தால் மறுபடியும் புத்த கயை. அங்குள்ள ஆசனத்துக்கு வஜ்ராசனம் என்றே பெயர்.

படி 3: துணை உருவங்கள். நின்ற புத்தரின் இருபுறமும் பிரம்மாவும் இந்திரனும், ஒருவர் கையில் குடை: தாய்க்கு தர்மம் சொல்லிவிட்டு தேவலோகத்திலிருந்து சங்காசியத்தில் இறங்குகிறார். காலடியில் யானை இருந்தால் ராஜகிருகத்தில் புத்தரைக் கொல்ல அவர் உறவினன் தேவதத்தன் ஏவிவிட்ட நாளகிரி. மதயானைதான், ஆனால் பூனைக்குட்டி அளவில் பணிந்து நிற்கும். மடியில் திருவோடு இருந்தால் வைசாலியில் குரங்கு தேன் கொடுத்த கதையா என்று பாருங்கள்.

படி 4: எழுத்து. பீடத்திலோ முதுகிலோ ‘யே தர்மா’ என்று தொடங்கும் சுலோகம் அடிக்கடி வரும். எல்லாம் காரணத்தால் பிறப்பவை என்று சொல்வது அது. புத்தரின் முதல் சீடர்களில் ஒருவரான அஸ்ஸஜி சொல்ல, பின்னாளில் தலைமைச் சீடரான சாரிபுத்தர் கேட்டு மனம் மாறியது இதைத்தான். கூடவே கொடையாளர் பெயரும் இருக்கலாம். குர்கிஹாரில் காஞ்சியிலிருந்து போனவர்களின் பெயர்கள் கிடைத்திருக்கின்றன.

படி 5: பின்பக்கத் துளை, முளை. இருந்தால் குடையோ திருவாசியோ கழன்று தொலைந்திருக்கும். கதை பிடிபடவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பாட்னா தூரம் என்பவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துச் சோழர் காலப் படிமங்கள் உண்டு. அங்கே புத்தரின் தலையுச்சியில் தீச்சுடர் இருக்கும். சிலவற்றில் இருபுறமும் நாகர்கள் சாமரம் வீசுவார்கள். அங்கேயும் கையிலிருந்தே தொடங்குங்கள்.