வடூஸுக்கு நடந்து இறங்குகிறீர்களா?

லிக்டன்ஸ்டைன் போகிறவர்கள் தலைநகர் வடூஸிலிருந்து 21-ஆம் எண் பஸ்ஸில் ட்ரீசன்பெர்க் மலைக்கிராமத்துக்கு ஏறிவிடுங்கள்; திரும்பும்போது நடந்தே இறங்கலாம். 400 மீட்டருக்கும் மேல் இறக்கம். மூச்சு வாங்காது, ஆனால் முட்டியைப் பதம் பார்த்துவிடும்.

கிளம்பும் முன் ஷூ லேஸைக் கணுக்கால் பக்கம் நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாக இருந்தால் பாதம் முன்னால் சரிந்து, கட்டைவிரல் நகம் ஷூ முனையில் இடித்துக்கொண்டே வரும். கால்களை எட்டிப் போடாமல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் இருப்பது நடக்கும் நேரம். நிற்காமல் நடப்பவர்களுக்கான கணக்கு அது. போட்டோ பிரியர்கள் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். நகருக்கு மேலே இளவரசரின் கோட்டை வரும். குடும்பத்தோடு அவர் வசிக்கும் வீடு என்பதால் உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்று பார்க்கலாம். அப்புறம், செலவுக்கு சுவிஸ் பிராங்க் வேண்டும்.