சிறையில் இருப்பவரிடம் மருத்துவ முன்விருப்பமும் பவரும் எழுதி வாங்குவது எப்படி

நோட்டரி வக்கீலைத் தேடிக் கிளம்புவதற்கு முன்னால், உங்களுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிவிடுங்கள். பாதிக்கு நோட்டரியே தேவைப்படாது, சிலவற்றுக்கு நோட்டரி கையெழுத்து இருந்தாலும் செல்லாது. தமிழ்நாட்டுச் சிறைகளை வைத்துத்தான் சொல்கிறேன்.

வக்காலத்துக்கு நோட்டரி வேண்டாம். கைதி கையெழுத்து போட, சிறைக் கண்காணிப்பாளர் சான்றொப்பம் இடுவார், வக்கீல் குமாஸ்தாவுக்கு இது தினசரி வேலை. வீடு, நிலம் விற்பதற்கான பவர் என்றால் நேர்மாறு: அதற்குச் சார்பதிவாளர்தான் வேண்டும். கைதி எப்படிப் பதிவு அலுவலகம் வருவார் என்று கவலைப்படாதீர்கள், 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 33, 38ஆம் பிரிவுகள் சிறையில் இருப்பவர் நேரில் வரத் தேவையில்லை என்றே சொல்கின்றன. சார்பதிவாளர் சிறைக்கு வந்து விசாரிக்கலாம், அல்லது தன் சார்பில் விசாரிக்க ஆணையர் ஒருவரை நியமித்து அனுப்பலாம். எழுத்து மூலம் மனு கொடுத்துக் கேளுங்கள், பிரிவு எண்ணையும் மனுவிலேயே எழுதுங்கள், வாய்வார்த்தையாகக் கேட்டால் "ஆளைக் கூட்டி வாங்க" என்றுதான் பதில் வரும்.

இனி மருத்துவம். பவர் பத்திரத்தில் "சிகிச்சை முடிவுகளையும் இவரே எடுப்பார்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனநிலை தவறிப்போனால் அந்தப் பவரே முடிந்துவிடுகிறது, ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கிறது. அதாவது, எப்போது அது தேவைப்படுமோ அப்போது பயன்படாது. அதனால், மீள முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் முன்விருப்பப் பத்திரத்தைத் தனியாக எழுத வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் இதை அனுமதித்தது, நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து கேட்டார்கள், இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதியவர் கையெழுத்து போட்டு, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும்.

கெஜட்டட் அதிகாரி என்ற அந்த வார்த்தைதான் சிறைக் குடும்பங்களுக்கு உதவுவது. வெளியிலிருந்து நோட்டரியை உள்ளே கூட்டிப்போவதற்குக் கண்காணிப்பாளர் அனுமதி வேண்டும், விசாரணைக் கைதி என்றால் சில நேரம் கோர்ட் உத்தரவு இருக்கிறதா என்றும் கேட்பார்கள். ஆனால் கெஜட்டட் தகுதியுள்ள அதிகாரி சிறைக்குள்ளேயே இருக்கலாம், அல்லது ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் அரசு மருத்துவமனையில் இருக்கலாம். அவர் மறுத்தால் வற்புறுத்த முடியாதுதான், ஆனால் முதலில் கேட்டுப் பார்ப்பதில் ஒன்றும் நஷ்டமில்லை.

மறுத்துவிட்டார், நோட்டரிதான் என்றால், அவருடைய பணி எல்லைக்குள் அந்தச் சிறை வருகிறதா என்று பாருங்கள். புழல் திருவள்ளூர் மாவட்டமா சென்னையா என்பது போன்ற குழப்பம் எல்லாம் இங்கேதான் வரும். கண்காணிப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் கைதியின் பெயர், எண், எந்தப் பத்திரம், யார் யார் வருகிறார்கள், சாட்சிகள் யார் என்று எல்லாம் இருக்கட்டும், பத்திரத்தின் நகலையும் சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நோட்டரியின் பதிவேட்டிலும் கைதி கையெழுத்து போட வேண்டியிருக்கும், அதை உள்ளே கொண்டுபோகவும் சேர்த்தே அனுமதி கேளுங்கள். மனு போட்டுப் பார்க்கப் போகிற நாளில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள்.

சாட்சிகள் முடிந்தவரை சம்பந்தமில்லாதவர்களாக இருக்க வேண்டும். கூட இருக்கும் கைதிகளைப் போட வேண்டாம் என்பேன், நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் எங்கே தேடுவது? வக்கீலும் சிறை நல அலுவலரும் கிடைத்தால் நல்லது. பத்திரத்தைத் தமிழிலேயே எழுதி, அவர் முன்னால் வாசித்துக் காட்டி, புரிந்துதான் கையெழுத்து போட்டார் என்று ஒரு வரி சேர்க்கவும். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம், அப்போது யாரைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாக இருக்கட்டும். ஒருவருக்கு மேல் பெயர் கொடுக்கலாம், கொடுங்கள். மீளவே முடியாத நிலையில், அதுவும் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்த பிறகுதான் இது அமலுக்கு வரும், எப்போது வேண்டுமானாலும் ரத்தும் செய்யலாம் என்பதை அவருக்கு நிதானமாகச் சொல்லுங்கள். "என்னைச் சாகவிட எழுதி வாங்குகிறார்கள்" என்ற பயம் உள்ளே இருப்பவருக்கு வருவது இயல்பு.

மனநல சிகிச்சையில் இருப்பவருக்கு வழி இன்னும் எளிது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, தன் சார்பில் பேச ஒரு பிரதிநிதியை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்து நியமிக்கலாம். நோட்டரி, முத்திரைத்தாள் எதுவும் வேண்டாம்.

கையெழுத்தான பிறகு நகல்களைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். பெயர் கொடுக்கப்பட்ட உறவினர்கள், குடும்ப மருத்துவர், உள்ளாட்சியில் இதற்கென்று இருக்கும் அலுவலர் ஆகியோருக்குப் போக வேண்டும். கூடவே சிறை மருத்துவரிடம் ஒன்று கொடுத்து, கைதியின் மருத்துவக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். வேறு சிறைக்கு மாற்றினால் அங்கேயும் மறுபடி கொடுக்க வேண்டும், கோப்போடு தானாகப் போய்விடும் என்று நம்பாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.