கடற்கரையில் இரண்டு இரவு: ஈரத்தைச் சமாளிக்கத் தெரிந்தால் போதும்

மலைக்குப் போகிறவர்கள் குளிருக்குத் தயாராவார்கள். சோழமண்டலக் கரையில் கூடாரம் போடுகிறவர்களுக்கு எதிரி ஈரம். வியர்வை காயாது, துவைத்த துண்டு காயாது, தீப்பெட்டி நமத்துப்போகும். மழையே பெய்யாத விடியற்காலையில் கூடாரத்துக்குள் சொட்டும். கீழே உள்ள கணக்கு மரக்காணத்துக்கும் தரங்கம்பாடிக்கும் இடைப்பட்ட கரையில் நான்கு பேர் இரண்டு இரவு தங்குவதற்கானது. தெற்கே ராமநாதபுரம் பக்கம் போனாலும் பெரிதாக மாறாது.

முதலில் தேதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதிலும் நவம்பரும் டிசம்பரும் புயல் மாதங்கள். பொங்கல் கழிந்ததிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் சரியான காலம். அதற்குப் பிறகு இரவில் புழுக்கம் ஏறிவிடும். எவ்வளவு நல்ல கூடாரம் வாங்கினாலும் தூக்கம் வராது. கன்னியாகுமரிப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் போகிறவர்கள் 'கள்ளக்கடல்' எச்சரிக்கையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எங்கோ தென்கடலில் அடிக்கும் புயலால் எழும் பேரலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. கிளம்பும் அன்று காலையிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அனுமதி வாங்காமல் கண்ட இடத்தில் கூடாரம் போடாதீர்கள். கரைக்குப் பின்னால் உள்ள சவுக்குத் தோப்போ தென்னந்தோப்போ யாருடையது என்று கேட்டு, உரிமையாளரிடம் பேசி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தங்குவதே நல்லது. பக்கத்தில் மீனவர் குப்பம் இருந்தால் அங்குள்ள பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, படகு ஏற்றும் இடத்தையும் வலை காயும் இடத்தையும் விட்டு விலகி இருங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இரவு ரோந்து வருகிறவர்கள் எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டார்கள். வனத்துறை நிலம் என்றால் அவர்கள் எழுத்தில் தராமல் தங்கக் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அவை தேசியப் பூங்கா.

இனி இடம். கடற்பாசியும் சிப்பியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோடுதான் அலை கடைசியாக வந்த எல்லை. பெரும்பாலும் இரண்டு கோடுகள் தெரியும்: ஈரமான புதுக் கோடு, அதற்கு மேலே காய்ந்த பழைய கோடு. பழைய கோடும் போதாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் ஏறும். ஊதாப் பூ பூத்த அடப்பங்கொடி படர்ந்த மணல்மேட்டைத் தாண்டி, அதன் நிலப்பக்கம் போடுங்கள். மேட்டின் மேலேயே போட்டால் கொடி சாகும். ராவணன் மீசைப் புல்லின் முள் உருண்டைகள் கூடாரத்தின் தரையைத் துளைத்துவிடும். தென்னைக்கு அடியில் போடவே கூடாது. காய் விழும் என்று எல்லோருக்கும் தெரியும், காய்ந்த மட்டையை யாரும் நினைப்பதில்லை. சவுக்கு நல்ல நிழல்தான். ஆனால் அடியில் மெத்தையாகக் கிடக்கும் சருகு ஒரு பொறியில் பிடித்துக்கொள்ளும். அடுப்பைச் சுற்றி ஆறடிக்கு வெறும் மணல் தெரியும்படி கூட்டிவிடுங்கள்.

வாசலை எந்தப் பக்கம் வைப்பது? பகலில் காற்று கடலிலிருந்து வரும், பின்னிரவில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். ஒரு வாசல் கடலையும் எதிர் வாசலோ வலை ஜன்னலோ நிலத்தையும் பார்த்தால் இரண்டு காற்றும் ஊடுருவும். கூடாரம் வாங்கும்போதே இதைப் பாருங்கள். உள்ளே வலை, மேலே தனியாக ஒரு மழைத்துணி, இரண்டுக்கும் நடுவே ஒரு கை போகும் இடைவெளி என இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். ஒருவர் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு டம்ளருக்குக் குறையாமல் ஈரம் விடுகிறார். ஒற்றைத் துணிக் கூடாரத்தில் அது வெளியேற வழியில்லாமல், பனியில் குளிர்ந்த துணியில் பட்டு நீராகி முகத்தில் சொட்டும். மழை வருமோ என்ற பயத்தில் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடுகிறவர்கள்தான் அதிகம் நனைவார்கள். நான்கு பேர் கூடாரம் என்று அட்டையில் போட்டிருந்தால் இரண்டு பேர் படுங்கள்.

கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் மணலில் நிற்காது. மாலைக் காற்று ஒரு இழுப்பு இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதற்கு நான்கு பழைய அரிசிப் பைகள் எடுத்துப் போங்கள், 5 கிலோ அளவு போதும். பையில் முக்கால்வாசி மணலை நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, அந்தக் கட்டிலேயே கூடாரக் கயிற்றை முடியுங்கள். ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டிப் பையைப் படுக்க வைத்து, மேலே ஈர மணலைப் போட்டு மிதித்து இறுக்குங்கள். கயிறு குழியிலிருந்து சாய்வாக ஏற வேண்டும். நேர் மேலே ஏறினால் பை கிளம்பி வரும். பை இல்லாவிட்டால் ஒரு முழ நீளக் கட்டையின் நடுவில் கயிறு கட்டிக் கிடையாகப் புதைத்தாலும் பிடிக்கும். தரையில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தைவிட இரண்டு விரற்கடை உள்ளடங்கி இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரையும் பனிநீரையும் வாங்கி அடியில் தேக்கும்.

படுக்க கோரைப்பாயை மிஞ்சியது எதுவும் இல்லை. அடியில் மெல்லிய ஃபோம் விரிப்பு, மேலே பாய், போர்த்த ஒரு பருத்தி வேட்டி. ஸ்லீப்பிங் பேக் வீண் சுமை. பகலில் சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் சட்டை நல்லது. இரவுக்கென்று ஒரு ஜோடி உலர்ந்த பருத்தித் துணியை ஜிப் கவரில் தனியாக வைத்து, படுக்கும்போது மட்டும் எடுங்கள். தொடை இடுக்கில் உரசிப் புண்ணாவதுதான் இந்தப் பயணங்களைப் பாதியில் முடிக்கும். கடலில் குளித்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, முழுக்கத் துவட்டி, வாஸ்லின் தடவினால் வராது. ஈர ஜட்டியோடு சுற்றினால் படர்தாமரை நிச்சயம்.

தண்ணீர்க் கணக்கு: குடிக்க ஒருவருக்கு நாளைக்கு 4 லிட்டர். நான்கு பேர், இரண்டு முழு நாள் என்றால் 32 லிட்டர். சமையலையும் சேர்த்து 20 லிட்டர் கேன் இரண்டு. உப்புக் கழுவ மூன்றாவது கேன் தனியாக. கரையோரப் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கலாம் என்பதால் அதை நம்பிப் போகாதீர்கள். தலை சுற்றல், தசைப்பிடிப்பு வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அளவு தவறி உப்பு கூடினால் கெடுதல்.

முதல் நாளுக்குப் புளியோதரையும் பொடி தடவிய இட்லியும். தேங்காய் சேர்ந்த எதுவும் வேண்டாம். இந்தப் புழுக்கத்தில் மதியத்துக்குள் ஊசிப்போகும். இரண்டாம் நாளுக்கு அங்கேயே அரிசியும் பருப்பும் வேகவையுங்கள், மீன் குப்பத்திலேயே கிடைக்கும். தீப்பெட்டிக்குப் பதில் இரண்டு லைட்டர். கேஸ் டப்பாவை வெயிலில் வைக்காதீர்கள், காற்றுக்காக அடுப்பை முழுக்கச் சுற்றி மறைக்கவும் வேண்டாம்; டப்பா சூடேறி வெடிக்கும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். வெளிச்சம் அவற்றையும் குஞ்சுகளையும் திசை மாற்றிவிடும். ஆகவே கடல் பக்கம் விளக்கு வேண்டாம், டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். இருட்டில் கடலில் இறங்குவதும் வேண்டாம். பகலில் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகிப் பிறகு திரும்புங்கள். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் மணலால் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுங்கள். மணற்பாங்கான புதர்களில் சுருட்டை விரியன் இருக்கும். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள்; கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல் 108. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் குழும எண் 1093.

திரும்பும் அன்று வெயில் ஏறி, பனி காயும்வரை கூடாரத்தை மடிக்காதீர்கள். எப்படியும் கொஞ்சம் ஈரம் இருக்கும். வீடு வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசி, ஜிப்புகளைத் தனியாகக் கழுவி, மொட்டைமாடி நிழலில் காயப் போடுங்கள். இரண்டு நாள் மூட்டையாகக் கிடந்தால் பூசணம் பிடிக்கும். ஈரத்தோடு பல மாதம் கிடந்தால் துணியின் உள்பூச்சு சிதைந்து பிசுபிசுவென்று ஒட்டும், புளித்த வாடை அடிக்கும். அந்த நிலைக்கு வந்த கூடாரம் மழைக்குத் தாங்காது.